எங்கள் வீட்டுக் குட்டித் திருடர்கள்

சென்ற இதழில் எலுமிச்சை ஊறுகாய் பூசணம் பிடிக்காமல் இருக்க வழி சொல்லியிருந்தேன். இந்தத் தடவையும் சமையலறை சமாசாரம் ஏதாவது எழுதுவதாகத்தான் இருந்தேன். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை பரணை ஒழித்தபோது பழைய போட்டோ ஆல்பம் ஒன்று கையில் சிக்கியது. வேலை அத்தோடு நின்றது. என் பேத்தி அதைப் பிடுங்கிக்கொண்டு போய் ஊஞ்சலில் உட்கார்ந்து புரட்ட ஆரம்பித்துவிட்டாள்.

"பாட்டி, இது அம்மாதானே? அம்மா கழுத்தைச் சுத்தி என்னது, கீரிப்பிள்ளையா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என் பெண் ரம்யா, ஒன்பது வயது, இரட்டைப் பின்னல். அவள் தோளில் சால்வை மாதிரிப் படுத்துக்கொண்டு உலகத்தையே அலட்சியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது எங்கள் அல்லி. கீரி இல்லை சகோதரிகளே, ஃபெர்ரெட். ஜாடையில் கீரி மாதிரி இருக்கும். ஆனால் கீரிக்கும் அதற்கும் உறவில்லை. நம் காவேரியில் துள்ளுகிறதே நீர்நாய், அதற்குத் தூரத்துச் சொந்தம். ஐரோப்பாவில் போல்கேட் என்று ஒரு காட்டுப் பிராணி உண்டு. அதை இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாக மனிதர்கள் வீட்டில் பழக்கிப் பழக்கி வந்த ஜாதிதான் ஃபெர்ரெட். ஒரு முழ நீளம், குட்டைக் கால்கள், உருண்டை மணி போலக் கண்கள். லத்தீன் பாஷையில் அந்தப் பெயருக்கே 'குட்டித் திருடன்' என்றுதான் அர்த்தமாம். எவ்வளவு பொருத்தமான பெயர் என்பது மூன்றை வளர்த்த எனக்குத்தான் தெரியும்!

1995-ல் இவருக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்து, யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லி என்ற ஊருக்குப் போய்ச் சேர்ந்தோம். நிலக்கரிச் சுரங்க ஊர். 1984, 85-ல் நடந்த பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு சுரங்கங்களை ஒவ்வொன்றாக மூடிவிட்டதால், நாங்கள் போனபோது ஊரே வேலை இழந்த ஆண்பிள்ளைகளாக இருந்தது. ரம்யாவுக்கு அப்போது ஏழு வயசு. பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கமாட்டாள். ஸ்ரீரங்கத்தில் கான்வென்டில் படித்த இங்கிலீஷ் அவளுக்கு இருந்தது. ஆனால் அங்கே பேசுகிற இங்கிலீஷ் எங்கள் யாருக்குமே புரியவில்லை. சாயங்காலம் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். பார்க்கிற எனக்கு வயிற்றைப் பிசையும்.

பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா தனியாக இருந்தார். முப்பது வருஷம் சுரங்கத்தில் உழைத்தவர். அந்தத் தூசி நெஞ்சில் தங்கி எப்போதும் இருமிக்கொண்டே இருப்பார். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். தோட்டத்துக் கொட்டகையில் ஃபெர்ரெட்டுகளை வளர்த்தார். சுரங்கத் தொழிலாளர்களுக்கு அது பரம்பரைப் பழக்கம். முயல் வளையின் வாயில்களிலெல்லாம் வலையைக் கட்டிவிட்டு ஃபெர்ரெட்டை உள்ளே விடுவார்களாம். அது விரட்ட, முயல் வெளியே ஓடிவந்து வலையில் விழும். குழம்புக்கு ஆயிற்று! என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார்.

அந்தத் தாத்தா எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார். அது அந்த ஊர் வழக்கம், பால்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். என் மாமியாரையும் அவர் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அவருக்கு வந்த கோபத்தைத் தணிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது!

ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தால், எங்கள் வாய் திறக்காத ரம்யா அந்தக் கொட்டகை வாசலில் குந்திக்கொண்டு, மடியில் ஒரு ஃபெர்ரெட்டை வைத்துக்கொண்டு, தாத்தாவிடம் அச்சு அசல் பார்ன்ஸ்லி இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறாள்! அன்றைக்கு எனக்கு வந்த அழுகை சந்தோஷ அழுகை. அதனால்தான் 1997 கோடையில் தாத்தாவின் ஃபெர்ரெட் போட்ட குட்டிகளில் மூன்றை அவர் கொடுத்தபோது, முட்டைகூட உள்ளே வராத எங்கள் வீட்டில் நான் சரியென்று தலையாட்டினேன்.

முதல் நாளே ஆரம்பித்தது கூத்து. குட்டிகளுக்குப் பசிக்குமே என்று வழக்கம்போல் குழையப் பிசைந்து தயிர்சாதம் வைத்தேன். நக்கி நக்கிச் சாப்பிட்டன. ஆஹா, நம் வழிக்கு வந்துவிட்டன என்று பூரித்துப் போனேன். அடுத்த நாள் மூன்றுக்கும் வயிற்றுப்போக்கு. மிருக வைத்தியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அம்மா, இது சுத்த மாமிசப் பிராணி. சாப்பிட்டது மூன்று நான்கு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். தானியத்தையும் பாலையும் செரிக்க இதன் குடலுக்கு வழியே கிடையாது" என்றார். அந்த ஊர்க்காரர்களே அந்தக் காலத்தில் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துப் போட்டுத்தான் இவற்றைக் கெடுத்தார்களாம். பிறகு இறைச்சியில் செய்த உலர்ந்த தீனி வாங்கி, தனித் தட்டு, தனி அலமாரி என்று கொட்டகையில் வைத்தோம். இவர்தான் கையாளுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். என் ஆசாரம் எனக்கு, அதன் வயிறு அதற்கு. குழந்தை வளர்ப்பில்கூட இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று.

அடுத்து வாசனை. ஃபெர்ரெட்டுக்கு ஒரு மாதிரி கஸ்தூரி நெடி உண்டு. நம் வீட்டுப் பெண்மணி சும்மா இருப்பாளா? வாரம் ஒருமுறை கடலை மாவு தேய்த்துக் குளிப்பாட்டினேன். குளிப்பாட்டக் குளிப்பாட்ட நாற்றம் ஜாஸ்தியாயிற்றே தவிரக் குறையவில்லை. தோலில் எண்ணெய் வறண்டதும் உடம்பு இன்னும் வேகமாக அதைச் சுரக்கிறதாம். படுக்கைத் துணியைத்தான் அடிக்கடி துவைக்க வேண்டும், பிராணியை அல்ல என்று தாத்தா சொல்லித் தந்தார்.

சரி, மூவரையும் அறிமுகப்படுத்துகிறேன்.

முதலாமவன் கோபாலன். பழுப்பு உடம்பு, முகத்தில் முகமூடி போட்டாற்போல் கறுப்புப் பட்டை. திருடன் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். பெயர் வைத்தது என் மாமியார். ஆறு மாதம் எங்களோடு இருக்க வந்தவர், "ஏண்டி, பாம்புக்குட்டிக்கு ரோமம் முளைச்ச மாதிரி இருக்கு. இதையெல்லாம் உள்ளே விடுவாளா?" என்று ஆரம்பித்தார். மூன்றாம் நாள் அவருடைய துளசிமணி மாலை காணாமல் போயிற்று. வீட்டையே தலைகீழாகப் புரட்டியபோது சோபாவுக்கு அடியில் ஒரு பொக்கிஷமே இருந்தது. ஒற்றை ஒற்றையாகப் பதினோரு காலுறைகள், தாளிப்புக் கரண்டி, முரளியின் அழிரப்பர், இவருடைய ஆபீஸ் சாவி, நடுவில் துளசிமணி மாலை. கோபாலன் பக்கத்தில் நின்று, ஒன்றும் தெரியாதவன் போல எங்களைப் பார்க்கிறான். மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரியான திருட்டுக் கோபாலன்டா நீ" என்றார். அதுவே பெயராயிற்று. பிறகு ஊருக்குத் திரும்பும்வரை "கோபாலன் சாப்பிட்டானோ?" என்று கேட்காமல் அவர் காபி குடித்ததில்லை.

அவன் உற்சாகம் வந்தால் ஒரு நாட்டியம் ஆடுவான் பாருங்கள்! முதுகை வில்லாக வளைத்து, வாயைத் திறந்துகொண்டு, பக்கவாட்டில் குதித்து, நாற்காலிக் காலில் மோதி, உருண்டு, மறுபடி குதிப்பான். முதல் தடவை பார்த்தபோது வலிப்புதான் வந்துவிட்டது என்று நான் கையில் சாவிக்கொத்தை எடுத்துவிட்டேன்! சந்தோஷம் வந்தால் எல்லா ஃபெர்ரெட்டும் இப்படித்தான் ஆடுமாம். கூடவே முட்டையிடப் போகிற கோழி மாதிரி 'டுக் டுக் டுக்' என்று ஒரு சத்தம்.

அவன் திருட்டு ஒருநாள் அவனுக்கே எமனாக வந்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. வாயைக் காலால் பிறாண்டிக்கொண்டு, வாந்தியெடுத்து, சுருண்டு படுத்துவிட்டான். வைத்தியர் வயிற்றைத் திறந்து எடுத்தது என்ன தெரியுமா? என் பிரஷர் குக்கரின் காஸ்கெட் துண்டு! பழசாயிற்றே என்று கழற்றி மேடையில் வைத்திருந்தேன். ரப்பர் என்றால் ஃபெர்ரெட்டுக்கு உயிர். அதுவே அதன் உயிரை வாங்கும். நல்லவேளை, பிழைத்துக்கொண்டான். தவழுகிற குழந்தை இருக்கிற வீட்டுச் சகோதரிகளுக்கும் இதைச் சொல்லிவைக்கிறேன். காஸ்கெட், பலூன் துண்டு, பேனா மூடி எதுவுமே தரைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கக் கூடாது.

இரண்டாமவன் கும்பகர்ணன். உடம்பு முழுக்க வெள்ளை, கண் மட்டும் குன்றிமணிச் சிவப்பு. ஃபெர்ரெட்டே ஒரு நாளில் பதினான்கு முதல் பதினெட்டு மணி நேரம் தூங்குகிற பிராணி. இவன் அதிலும் ஒரு படி மேலே. வந்த இரண்டாம் வாரம், இவருடைய கம்பளிச் சட்டைக் கைக்குள் நுழைந்து படுத்தவனை முரளி வெளியே இழுத்தான். தலை தொங்குகிறது, கால் தொங்குகிறது, உலுக்கினால் அசைவே இல்லை. குழந்தைகள் இரண்டும் ஓவென்று அழ, நான் ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். தாத்தா இருமிக்கொண்டே ஓடிவந்தார். மூக்கின் மேல் லேசாக ஊதினார். அவ்வளவுதான். ஐயா ஒரு கொட்டாவி விட்டார் பாருங்கள், தாடை கழன்றுவிடும் போல! 'என்ன, எல்லோரும் சௌக்கியமா?' என்பது மாதிரி ஒரு பார்வை. இதற்குச் 'செத்த தூக்கம்' என்றே பெயராம். அதற்குப் பிறகு எத்தனையோ தடவை அப்படிக் கிடந்திருக்கிறான். கொட்டாவி வரும்வரை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

அவனுக்குக் கோபமே தெரியாது. ஜுரம் வந்து யாராவது படுத்தால் அவர்கள் காலடியில் போய்ச் சுருண்டுகொள்வான். 1999 குளிர்காலத்தில் இவருக்கு ஃப்ளூ வந்தபோது தாத்தாதான் ஓடிவந்து அவனைத் தூக்கிக்கொண்டு போனார். நம் ஃப்ளூ ஃபெர்ரெட்டுக்குச் சுலபமாகத் தொற்றும், அதனிடமிருந்து நமக்கும் வரும். 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெயிட்லா என்ற மூன்று விஞ்ஞானிகள் மனிதரைப் பீடிக்கும் ஃப்ளூ வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்ததே ஃபெர்ரெட்டுகளின் உதவியால்தான். 1936-ல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு ஃபெர்ரெட் ஸ்டூவர்ட்-ஹாரிஸ் என்ற டாக்டரின் முகத்திலேயே தும்ம, அவருக்கு ஃப்ளூ வந்ததும் சரித்திரத்தில் இருக்கிறது. நாம் ஊசி போட்டுக்கொள்கிறோமே, அதற்குப் பின்னால் இந்தத் தூங்குமூஞ்சியின் வம்சமும் கொஞ்சம் கஷ்டப்பட்டிருக்கிறது.

மூன்றாவதுதான் அல்லி. சந்தன நிறம். ஆண்கள் இருவரில் பாதி எடைதான் இருப்பாள். ஆனால் வீட்டில் நடந்ததென்னவோ அல்லி ராஜ்யம்தான். தட்டில் முதலில் வாய் வைப்பது அவள். அவள் படுத்த பிறகுதான் மற்றவர்கள் படுக்கலாம். முறைத்தால் கோபாலன் திருடின காலுறையைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். என்னைக் கண்டால் ஆகவே ஆகாது, கட்டைவிரலில் இரண்டு முறை கடித்திருக்கிறாள். ரம்யா ஒருத்தியிடம்தான் பரமசாது. பள்ளிக்கூடத்திலிருந்து அவள் வந்ததும் பாவாடையைப் பிடித்து ஏறித் தோளில் படுத்துக்கொள்வாள். ரம்யா அவளிடம் என்னென்னவோ ரகசியம் சொல்வாள். தாயாரான எனக்கு அந்த ரகசியங்கள் கிடைக்கவில்லை என்று எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட.

இந்த ஊர்க்காரரான ரெஜ் மெல்லர் என்பவர் 1981-ல் கால்சட்டைக்குள் ஃபெர்ரெட்டுகளை விட்டுக்கொண்டு 5 மணி 26 நிமிஷம் நின்று சாதனை படைத்தார் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். "அல்லியை விட்டிருந்தால் ஐந்து நிமிஷம்கூட நின்றிருக்க மாட்டார்" என்பார் இவர்.

இனிமேல் எழுதப் போவதுதான் எழுதக் கஷ்டமானது. இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

1998 ஜனவரியில் ஆண்கள் இருவருக்கும் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஆனால் அல்லிக்கும் செய்ய வேண்டும் என்று வைத்தியர் சொன்னபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெண் ஜன்மம், அதன் கர்ப்பப்பையை எடுப்பதா? மாமியாரும் "பாவம்டி, வேண்டாம்" என்றார். ஆனால் பழியை அவர் மேல் போட மாட்டேன். நிஜமான காரணம் வேறு. அதற்கு முந்தின வருஷம்தான் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்திருந்தார்கள். முப்பத்தாறு வயசு. நாலைந்து வருஷமாக மாதாமாதம் ஏகப்பட்ட உதிரப்போக்கு. யாரிடமும் சொல்லாமல், 'பொம்பளைக்கு இதெல்லாம் சகஜம்' என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒருநாள் கடையில் மயங்கி விழுந்தபோதுதான் ரத்தம் பாதிதான் இருக்கிறது, உள்ளே கட்டிகள் என்று தெரிந்தது. ஆபரேஷன் என் உயிரைக் காப்பாற்றியது என்று அறிவுக்குத் தெரியும். மனசு மட்டும் எதையோ பறிகொடுத்தாற்போல் ஆறாமல் இருந்தது. அந்த ஆறாத மனசைத்தான் அல்லிக்காகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசினேன்.

எனக்குப் புரியாமல் போனது இதுதான். பெண் ஃபெர்ரெட்டின் உடம்பு நம்முடையது மாதிரி இல்லை. வசந்தகாலத்தில் பகல் நீளும்போது அது பருவத்துக்கு வரும். ஆணோடு சேர்ந்தால்தான் அந்தப் பருவம் அடங்கும். சேராவிட்டால் கோடை முழுவதும், ஐந்தாறு மாதம்கூட, பருவத்திலேயே இருக்கும். அத்தனை நாளும் ஊறுகிற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து, புது ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். இதற்கு ஆபரேஷன் ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. பருவத்தை அடக்க ஊசி அப்போதே இருந்தது. விந்துக்குழாயை மட்டும் துண்டித்த ஆணோடு சேர்த்து விடுகிற வழியும் உண்டு. நாய்க்குட்டிக் கட்டுப்பாடு மாதிரி இதுவும் குட்டி வேண்டாம் என்பதற்காகத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கேட்கவில்லை.

மார்ச்சில் அவளுக்குப் பிறப்புறுப்பு வீங்கியது. வேலிக்கு மேலாகத் தாத்தா பார்த்துவிட்டு, "ஜில்லை அப்படியே விடாதேம்மா, ஊசியாவது போட்டுவிடு" என்றார். அங்கே பெண் ஃபெர்ரெட்டை 'ஜில்' என்பார்கள். "அடுத்த வாரம்" என்றேன். அடுத்த வாரம் ரம்யாவுக்குப் பள்ளியில் விழா. அதற்கடுத்த வாரம் மாமியாரை விமானம் ஏற்றவேண்டும். ஏப்ரல் போயிற்று, மே போயிற்று. ஜூனில் அவளுக்கு வாலில் ரோமம் கொட்டியது. அல்லி முன்போல அதிகாரம் செய்யவில்லை. தட்டில் கோபாலன் முதலில் வாய் வைத்தபோது சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். சமர்த்தாகிவிட்டாள் என்று நான் சந்தோஷப்பட்டேன்! என்னைக்கூடக் கடிக்கவில்லை. ஒருநாள் என் மடியில் தானாக வந்து படுத்தாள். அப்படியே நெகிழ்ந்துபோனேன். அது பிரியம் இல்லை, பலஹீனம் என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலையில் ஒரு காலை, பின்னங்கால்கள் இழுத்துக்கொண்டன. வைத்தியர் அவள் உதட்டைத் தூக்கிக் காட்டினார். ஈறு காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. வயிற்றுத் தோலில் ஊசிமுனை ஊசிமுனையாக ரத்தக் கன்றல். "ரொம்பத் தாமதம்" என்றார் மெதுவாக. அவ்வளவுதான் சொன்னார். நாள் முழுக்க முயற்சி செய்தும் முடியவில்லை. மறுநாள் விடிகாலையில் அல்லி போய்விட்டாள். ஒரு வயசு.

தாத்தா வந்தார். "நான் சொன்னேனே" என்று ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆப்பிள் மரத்தடியில், இருமலுக்கு நடுவே நின்று நின்று, அவரே குழி வெட்டினார். ரம்யா அழவில்லை. அன்றிலிருந்து மூன்று வாரம் மறுபடியும் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். ஒரு ராத்திரி அவள் பக்கத்தில் போய்ப் படுத்து, "அல்லி செத்ததுக்கு அம்மாதாண்டி காரணம். டாக்டர் சொன்னதைக் கேட்கலை" என்று சொல்லிவிட்டேன். குழந்தையிடம் சொல்லலாமா என்றெல்லாம் யோசிக்கவில்லை. வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு என் கையை இழுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டாள். அல்லிக்குச் சொன்ன ரகசியங்களில் ஒன்றிரண்டு அதற்குப் பிறகு எனக்கும் கிடைக்க ஆரம்பித்தன.

நான்கு வருஷம் கழித்து, 2002-ல், அதே ரம்யா பதினாலு வயசில் எப்போது பார்த்தாலும் படுக்கையில் கிடந்தாள். படிப்பில் கவனமில்லை, எதிர்த்துப் பேசுவதுகூட இல்லை. "சோம்பேறி, வயசுக் கோளாறு" என்று இவர் கோபித்தார். நானும் திட்ட வாயைத் திறந்தேன். தலையணையில் கிடந்த அந்த முகத்தைப் பார்த்ததும் என் கை தானாக அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தது. சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடந்தது. என் அம்மா சின்ன வயதில் எங்களை வரிசையாக நிறுத்தி "கண்ணைக் காட்டு" என்று பார்ப்பாளே, அந்தப் பழக்கத்தை நான் எங்கே தொலைத்தேன்? மறுநாளே ரத்தப் பரிசோதனை. பன்னிரண்டு இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்தது. அவளும் என்னைப் போலவே மாதாமாதம் அவஸ்தைப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை எலுமிச்சை ரசத்தோடு சாப்பிட வைத்து, மாத்திரைக்கு முன்னும் பின்னும் காபி, டீயை நிறுத்தினேன். சில மாதங்களில் என்னோடு சண்டை போடுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். அந்தச் சண்டையைப் போல இனிமையான சத்தம் நான் கேட்டதில்லை!

கோபாலனும் கும்பகர்ணனும் தீர்க்காயுசாக இருந்தார்கள். கோபாலனுக்குக் கடைசியில் கணையத்தில் கட்டி. ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கி, எங்கோ வெறித்துப் பார்த்துக்கொண்டு நிற்பான். ஈறில் தேன் தடவினால் தெளிவான். 2004-ல் போனான். அவன் போன பிறகு சோபாவை நகர்த்தினால் ஒரு காலுறையும் மாமியாரின் மூக்குக்கண்ணாடிக் கூடும் இருந்தன. அந்தக் கூட்டை இன்னும் வைத்திருக்கிறேன். கும்பகர்ணன் 2005 இலையுதிர் காலத்தில், எட்டு வயது முடிந்து, கம்பளிச் சட்டைக் கைக்குள்ளேயே. கல்லூரிக்குப் போகிற பெண்ணும் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கொட்டாவி வரும் என்று.

அடுத்த வருஷம் நாங்கள் ஊருக்கே திரும்பிவிட்டோம்.

'நாங்களும் ஒன்று வளர்க்கலாமா?' என்று கேட்டு எழுதிவிடாதீர்கள்! முப்பது டிகிரி வெயிலே ஃபெர்ரெட்டுக்கு ஆபத்து, நம் சித்திரை வெயில் தாங்காது. அதற்குப் பதிலாகக் கீரிப்பிள்ளையைப் பிடித்து வளர்க்கலாம் என்று நினைப்பதும் 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் ஃபெர்ரெட் வளர்த்தால் மட்டும் இதைச் சொல்லுங்கள். பெண் என்றால் முதல் வசந்தத்துக்கு முன்பே வைத்தியரைப் பார்க்க வேண்டும். இப்போதெல்லாம் அரிசி போன்ற சின்னக் குச்சி ஒன்றைத் தோலுக்கடியில் வைத்தே பருவத்தை அடக்குகிறார்கள். ஆபரேஷன் செய்தால் பிற்காலத்தில் அட்ரினல் சுரப்பியில் நோய் வரலாம் என்பதால் பல வைத்தியர்கள் அதைத்தான் சிபாரிசு செய்கிறார்கள்.

எல்லோருக்கும் ஒரு வேலை தருகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயதுவரை உள்ள நம் நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று கண்டார்கள். இன்று ராத்திரி படுக்கப் போகுமுன் உங்கள் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். ஈறையும் நகக்கண்ணையும் பாருங்கள். வழக்கமாக எதிர்த்துப் பேசுகிற பெண் திடீரென்று சமர்த்தாகிவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், ஏன் என்று கேளுங்கள். பிறகு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று உங்கள் இமையையும் இழுத்துப் பாருங்கள். வெளிறியிருந்தால், 'அடுத்த வாரம்' என்று சொல்லாமல் டாக்டரிடம் போங்கள். கண்ணில் வெளுப்புத் தெரியாவிட்டாலும் அசதியும் மூச்சு வாங்கலும் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளத்தான் வேண்டும்.

பேத்தி ஆல்பத்தை மூடவில்லை. "பாட்டி, மூணு பேர்ல உனக்கு யாரை ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டாள். என்னை இரண்டு முறை கடித்தவளைத்தான் என்று சொன்னேன்.